ஸ்ட்ராட்ஃபோர்டின் பழைய பள்ளியறை: அவசியம் பார்க்க வேண்டிய ஓர் இடம்

இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் கவுண்டிக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர், ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ஏவன் ஆற்றங்கரையில் சற்று உலாவிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், சர்ச் தெருவில் இருக்கும் பழைய கில்டு ஹால் என்ற சங்க மண்டபத்தையும் அதன் மாடியிலுள்ள பள்ளியறையையும் அவர்கள் தவறவிடுவது பெரிய இழப்பு. கையுறை செய்து விற்றவரின் மகன் எவ்வாறு நாடகாசிரியர் ஆனார் என்ற கேள்விக்கு, அந்த ஊரில் நான் கண்டவற்றுள் நிறைவான விடை இங்கேதான் கிடைத்தது.

கட்டடம் 1420ஆம் ஆண்டு வாக்கில் திருச்சிலுவைச் சங்கம் என்ற உள்ளூர்ச் சமயச் சங்கத்தால் எழுப்பப்பட்டது. அச்சங்கம் கலைக்கப்பட்ட பின், 1553இல் ஆறாம் எட்வர்டு மன்னர் வழங்கிய சாசனம் அதன் சொத்துகளை நகர்மன்றத்திடம் ஒப்படைத்து, அவற்றின் வருமானத்திலிருந்து பள்ளியை நடத்தும் பொறுப்பையும் அதன் மீதே சுமத்தியது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளமும் குடியிருக்க வீடும் தரப்பட்டன. அக்காலத்தில் ஒரு சிறிய சந்தை நகரம் கொடுத்த தொகை என்று பார்த்தால் இது தாராளமானது. பள்ளிக்கு மன்னரின் பெயர் இருந்தாலும் அதைத் தாங்கி நின்றவர்கள் வாரிக்‌ஷயரின் தோல் வணிகர்களும் கம்பளி வணிகர்களுமே என்பதைக் கீழ்த்தளத்தின் காட்சி விளக்கங்கள் தெளிவாக உணர்த்துகின்றன.

கீழ்த்தளக் கூடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், 1568இல் நகரத் தலைவரானவர். அவருடைய பதவிக் காலத்தில் ஊருக்கு வந்த நாடகக் குழுக்களுக்கு நகர்மன்றம் பணம் கொடுத்ததை அதன் கணக்கேடு பதிவு செய்திருக்கிறது: அரசியின் குழுவுக்கு 9 ஷில்லிங், ஊஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங். அதே ஜான் சில ஆண்டுகளுக்கு முன் நகர்மன்றப் பொருளாளராக இருந்தபோது, புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தத்தின் பகுதியாக அடுத்துள்ள கில்டு சிற்றாலயத்தின் சமய ஓவியங்களை மறைக்க 2 ஷில்லிங் செலவானதும் கணக்கில் உள்ளது. ஓவியங்களை அழிக்கக் கணக்கெழுதிய கைகளே நடிகர்களை வரவேற்றும் கணக்கெழுதின என்பதை அங்கேயே நின்று எண்ணிப் பார்க்கும்போது, அந்தக் காலத்தின் குழப்பம் முழுவதும் நம் முன் விரிகிறது.

மாடியில் மரக்கூரையின் கீழ் நீண்ட பெஞ்சுகள் போடப்பட்டிருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் டியூடர் மன்னர் கால உடையணிந்த ஆசிரியர் பார்வையாளர்களை மாணவர்களாக உட்காரவைத்து லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார். இறகுப் பேனாவால் எழுதியும் பார்க்கலாம். ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் சொல்லும் முறை, நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளின் மனப்பாடத்தை அறிந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. வின்ட்ஸர் நகரைக் களமாகக் கொண்ட ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகத்தில், வில்லியம் என்றே பெயர் கொண்ட சிறுவனை லத்தீன் இலக்கணம் கேட்டுத் திணறடிக்கும் காட்சி எங்கிருந்து வந்திருக்கும் என்பது இங்கே தானாகவே விளங்குகிறது. அக்கால மாணவர் பதிவேடு எதுவும் எஞ்சவில்லை என்றாலும், நகர்மன்ற உறுப்பினரின் மகனுக்கு இங்கே இலவசக் கல்வி கிடைத்திருக்கும் என்பதால், ஷேக்ஸ்பியர் இங்குதான் படித்தார் என்று அறிஞர்கள் கொள்வதில் நியாயம் இருக்கிறது.

பொதுமக்களுக்கு இவ்விடம் 2016இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் இது வெறும் காட்சிக்கூடம் அல்ல. ஆறாம் எட்வர்டு பள்ளி இன்றும் இயங்குகிறது. அதன் மாணவர்கள் இன்றும் இந்தக் கட்டடத்தைப் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் பெரும்பாலான கவுண்டிகள் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளைக் கைவிட்ட பிறகும், வாரிக்‌ஷயர் அவற்றில் சிலவற்றைக் காத்து வருகிறது; ரக்பி நகரின் லாரன்ஸ் ஷெரீஃப் பள்ளியும் ஆல்செஸ்டர் பள்ளியும் அந்த வரிசையைச் சேர்ந்தவை. பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரிப்பது சரியா என்ற விவாதம் அங்கே ஓயவில்லை. அதைப் பற்றியும் காட்சி விளக்கங்களில் பேசியிருந்தால் இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

பிள்ளைகளுடன் செல்பவர்கள் லத்தீன் வகுப்பு நடக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. நாடக வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் கீழ்த்தளத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பிறந்த வீட்டுக்கும் இதற்கும் ஒரே நாளில் போவதானால், நான் இதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.