‘லேடீஸ் மாடல்’ ரக்சாக் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மலையேற்றத்துக்குப் பை தேடும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சாதாரண ரக்சாக்கையே (மலையேற்றத்துக்கு முதுகில் மாட்டும் பெரிய பை) நிறத்தை மட்டும் மாற்றி ‘லேடீஸ் மாடல்’ என்று விற்கிறார்கள். என்னிடம் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றைத்தான் கொடுத்தார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

உத்தரகண்டில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போக ஏற்பாடு. சுமார் 12,500 அடி உயரம், பனிக்காலம், கனத்த துணிமணிகள் என்று சேர்த்துப் பார்த்தால் 50 லிட்டர் பை வேண்டியிருந்தது. (ஒரு நாள் நடைக்கு இவ்வளவு பெரிது தேவையே இல்லை. வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டம் வழியாக டாப்சிலிப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு 20 லிட்டர் தாராளம். அவர்கள் தலையிலும் 50 லிட்டரைக் கட்டப் பார்ப்பார்கள், உஷார்.)

கடையில் நான் கேட்டது இரண்டுதான்: பெண்களுக்கான அளவு, பை வளையாமல் நிற்க முதுகுப்பக்கம் அலுமினியக் கம்பி. கடைக்காரர் ஊதா நிறப் பை ஒன்றை இறக்கினார். “இது பக்கா லேடீஸ் மாடலுங்க அம்மிணி. உள்ளே அலுமினிய ஃப்ரேமு. நீங்க நல்ல உசரம், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது பாருங்க” என்றார். பைக்குள் காகிதத்தை அடைத்து உப்ப வைத்திருந்தார்கள். காகிதம் அடைத்த பை யார் முதுகிலும் சுகமாகத்தான் உட்காரும். ஏதாவது எடை வைத்து மாட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு, “தையல் விட்டுப்போச்சுன்னா அப்புறம் நான் யாருக்கு விக்கிறதுங்க? வீட்ல போட்டுப் பாருங்க, சேரலைன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்” என்று பதில். பத்துக் கிலோவுக்குத் தையல் விடும் பையைத்தான் இமயமலைக்கு விற்கிறார் மனுஷன்.

வீட்டில் அரிசிப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பத்துக் கிலோ ஏற்றிக்கொண்டு சென்னிமலைக்குப் போனேன். அங்கே 1320 படிகள். பாதி மலைகூட ஏறவில்லை, பை வேதாளம் மாதிரி என்னைப் பின்னால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் கட்டினால், தோள் பட்டைகள் தோளைத் தொடாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. தோள் பட்டைகளை இறுக்கினால் இடுப்புப் பட்டை புட்டத்தில் போய் இறங்கியது. நெஞ்சுப் பட்டையை மேலே கீழே நகர்த்த வழியே இல்லை, மார்பின் மேலேயே குறுக்கே அழுத்தியது. எடை முழுவதும் கழுத்தோரத்தில்.

வீட்டுக்கு வந்து தையல் டேப்பால் அளந்து பார்த்தேன். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு தெரியும், அங்கிருந்து தொடங்க வேண்டும். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களை முதுகுப்பக்கம் நீட்டினால் நடுவில் ஒரு கோடு வரும், அதுவரை அளக்க வேண்டும். அதுதான் முதுகு நீளம். எனக்கு 41 சென்டிமீட்டர். பையில் தோள் பட்டை தைத்த இடத்திலிருந்து இடுப்புப் பட்டையின் நடுவரை 52. கூட்டிக் குறைக்கவும் முடியாது. ஆள் உயரமாக இருப்பதற்கும் முதுகு நீளத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, கால் நீளத்தாலும் உயரம் வரும். “நல்ல உசரம்” என்று அவர் சொன்னது எதற்கும் உதவாத பேச்சு.

பெண்களுக்கென்று உண்மையாகவே வடிவமைத்த பையில் முதுகு நீளம் குறைவாக இருக்கும். தோள் பட்டைகள் நெருக்கமாக, ஒடுக்கமாக, மார்பைச் சுற்றி வளைந்து போகும். இடுப்புப் பட்டை நம் இடுப்பின் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்திருக்கும். டியூட்டர் என்ற பை நிறுவனம் தன் பெண்கள் பைகளில் எஸ்எல் என்று போடுவது இந்த வித்தியாசத்துக்குத்தான். சுமையில் பெரும்பங்கை இடுப்புதான் தாங்க வேண்டும், தோள் பையைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஊதா நிறம் இதில் எதையும் செய்யாது. ஆண்களுக்கான சின்ன அளவுப் பை உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தினால் அதையே வாங்கலாம், தப்பே இல்லை.

அப்புறம் முதுகுப்பக்க உறையைத் திறந்து ‘அலுமினிய ஃப்ரேமை’ உருவினேன். வந்தது வளைந்துபோன பிளாஸ்டிக் அட்டை. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அளவு பொருந்தாததைக்கூட அறியாமை என்று விடலாம், இது நேரடிப் பொய்.

பையோடு போனால், “மலையேறி அழுக்காக்கிட்டு வந்து மாத்தச் சொன்னா எப்படீங்க? பில்லைப் படிங்க” என்றார். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று கீழே அச்சடித்திருந்தது. அந்த வரியைப் பார்த்து யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டு, பில்லையும் அந்தப் பிளாஸ்டிக் அட்டையின் படத்தையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் இப்போது பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். முழுப் பணமும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இனி வாங்கப் போகிறவர்கள் டேப்பையும் எடையையும் கையோடு கொண்டுபோங்கள். எடை ஏற்றிய பையில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்பைக் கட்டுங்கள், பிறகு தோள், கடைசியில் நெஞ்சு. தோளுக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். எடை வைக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். ஏற்கெனவே இந்த ஊதா நிற மாடலை வாங்கியவர்கள் இருந்தால், முதுகுப்பக்க உறைக்குள் ஒரு தடவை கைவிட்டுப் பாருங்கள். அட்டை வந்தால் படம் எடுத்துக்கொண்டு, பில் தேதியிலிருந்து 30 நாள் முடிவதற்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.