மேனேஜரிடம் பொறுப்புகளைப் பற்றிப் பேச: அப்ரைசலா, மின்னஞ்சலா, நேர்ப் பேச்சா?

ஆஃபர் லெட்டரில் இருந்த வேலை ஒன்று, இப்போது செய்துகொண்டிருப்பது வேறு என்ற நிலை பலருக்கும் உண்டு. யாரோ வேலையை விட்டுப் போனபோது "கொஞ்ச நாளைக்கு நீங்க பார்த்துக்கோங்க" என்று கைக்கு வந்தது அப்படியே தங்கிவிடும், அதற்கு மேல் பக்கத்து டிபார்ட்மென்டிலிருந்தும் இரண்டு வேலை வந்து ஒட்டிக்கொள்ளும். இது வெறும் புலம்பல் இல்லை. தன் பொறுப்பு எதுவென்று தெளிவில்லாத ஊழியர்களுக்கு மன இறுக்கம் கூடுகிறது, வேலையில் திருப்தி குறைகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கான் குழுவினர் 1964-லேயே எழுதியிருக்கிறார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் எந்த வழியில் பேசுவது?

பலரும் அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு, வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். மூன்றில் இதுதான் மோசமான வழி என்பேன். அந்த அறையில் இரண்டு பேர் மனதிலும் ஓடுவது ரேட்டிங்கும் சம்பள உயர்வும்தான். அங்கே போய் "என் வேலை மாறிவிட்டது" என்றால், எவ்வளவு நியாயமாகச் சொன்னாலும் பேரம் பேசுவது போலத்தான் கேட்கும். அதுவரை மாதக்கணக்கில் சுமந்ததற்கும் பதில் கிடைக்காது. மென்பொருள் நிறுவனமான அடோபி 2012-ல் வருடாந்திர அப்ரைசலையே கைவிட்டு, அடிக்கடி பேசும் முறைக்கு மாறியது. பதவிப் பெயரோ கிரேடோ மாற வேண்டுமென்றால் மட்டும் அப்ரைசல் உதவும், ஏனென்றால் அதற்கான காகித வேலை பெரும்பாலும் அப்போதுதான் நகரும்.

மின்னஞ்சலுக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு: சொன்னது பதிவாகிவிடும். நேரில் பேச வாய் வராதவர்களுக்கும், மேனேஜர் வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் வசதி. சிக்கல் தொனியில். இரவு உட்கார்ந்து, ஆறு மாதக் கோபத்தையும் சேர்த்து ஒன்றரைப் பக்கம் எழுதினால் அது குற்றப்பத்திரிகை மாதிரிதான் இருக்கும், படித்தவர் பதில் தேட மாட்டார், தற்காப்பில் இறங்கிவிடுவார். "நேரில் பேசலாம்" என்று ஒரு வரி பதில் வரும். எப்படியும் மேனேஜர் அறைக்குத்தான் போகப்போகிறோம், அதுவும் மனக்கசப்போடு.

அதனால் என் ஓட்டு தனியாக நேரில் பேசுவதற்கே. சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆன்டி குரோவ், ஒன்-ஆன்-ஒன் சந்திப்பு என்பது கீழே வேலை செய்பவருடைய கூட்டம், எதைப் பேசுவதென்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னவர். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு தாள் போதும்: இடப் பக்கம் உங்களுக்கென்று எழுதிக்கொடுத்த வேலைகள், வலப் பக்கம் கடந்த இரண்டு வாரம் நிஜமாக நேரம் போன வேலைகள். பல மேனேஜர்களுக்கு அந்த வலப் பக்கம் புதுச் செய்தியாக இருக்கும், மற்ற டீம்கள் உங்களிடம் நேரடியாக வேலை கொடுப்பது அவர்கள் காதுக்கே வந்திருக்காது.

"வேலை ரொம்ப ஜாஸ்தி" என்று சொன்னால் "எல்லாருக்கும்தான்" என்று பேச்சு முடிந்துவிடும். "புகார்களுக்குப் பதில் எழுதவே வாரத்தில் இரண்டு நாள் போகிறது. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வேண்டுமென்றால் எதை நிறுத்தட்டும்?" என்று கேட்டால் அவர் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் யோசிக்கும்போது நாமே இடையில் புகுந்து "பரவாயில்லை, சமாளிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிடுவதுதான் பாதிப் பேச்சுகளைக் கெடுக்கிறது.

நேர்ப் பேச்சின் குறை, அது காற்றோடு போய்விடும் என்பது. மேனேஜர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. இங்கேதான் மின்னஞ்சல் வேண்டும், அன்றைக்கே, நான்கு வரியில்: "இன்று பேசியபடி மாத ரிப்போர்ட்டும் புதியவர்களுக்கான பயிற்சியும் என் பொறுப்பு. புகார்கள் அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் சப்போர்ட் டீமுக்குப் போகும். அதுவரை நான் பார்க்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்."

வரிசையை மாற்ற வேண்டிய இடமும் உண்டு. சந்திப்பைத் தொடர்ந்து தள்ளிப்போடுகிறவர், முன்பு சொன்னதை "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்கிறவர், இவர்களிடம் எழுத்துதான் முதலில்.

சரி, எல்லாம் கேட்டுவிட்டு "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால்? "அப்படியென்றால் 20-ஆம் தேதிக்குள் மறுபடி பேசலாமா?" என்று கேட்டு, எழுந்து வருவதற்கு முன்பே காலண்டரில் போட்டுவிடுங்கள்.