எக்ஸ்5 கியர்பாக்ஸ்: ஆயிலா, சீலா, வேறு பாக்ஸா?

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்களை முதலில் பயமுறுத்துவது கியர்பாக்ஸ்தான். என்னுடையது 2009 டீசல். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்.பி.எம். முள் ஒரு துள்ளு துள்ளி, அப்புறம்தான் கியர் விழும். ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு இடித்துக்கொண்டு கிளம்பும். முதலில் காட்டிய ஒர்க்ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "பாக்ஸ் போச்சு சார், வேற பாக்ஸ் போட்டுடலாம்" என்றார்கள்.

இதில் இருப்பது ஸெட்.எஃப். நிறுவனத்தின் 6எச்பி என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. அதே குடும்பத்துப் பெட்டி ரேஞ்ச் ரோவரிலும் டிஸ்கவரி 3-லும் உண்டு. உள்ளே ஏ முதல் ஈ வரை ஐந்து கிளட்ச், பிரேக் தொகுதிகள். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு பிடிக்கும். பி தொகுதி வேலை செய்வது மூன்று, ஐந்து, ரிவர்ஸில் மட்டும். ஆகவே இந்த மூன்றிலும் தொல்லை, மற்றவை சுத்தம் என்றால் சந்தேகம் பி மேல்தான் விழ வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போதும் முள் துள்ளுகிறதா என்று பார்த்தேன். துள்ளியது. இனி கேள்வி ஒன்றுதான்: பி-யின் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதா, இல்லை பிளேட்டுக்குப் போகும் ஆயில் வழியில் கசிகிறதா?

இதற்கு முன்பே பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும். வோல்டேஜ் குறைந்தாலே இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை வரும். திருப்பத்தில் மெதுவாக முடுக்கும்போது மட்டும் அதிர்ந்தால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் டயர் தேய்மானத்தையும் பாருங்கள். அந்தப் பழியும் பாவம் கியர்பாக்ஸ் மேல்தான் விழுகிறது.

முதல் வழி, வெறும் ஆயில் மாற்றுவது. வண்டிக் கம்பெனி ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கிறது. பெட்டியைச் செய்த ஸெட்.எஃப்.போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைத்தான் நம்புவேன். அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தட்டான சம்ப்புடனேயே ஃபில்டர் ஒட்டி வருவதால் சம்ப்பையே மாற்ற வேண்டும். ஆனாலும் பாதி ஆயில், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். இறுகிப்போன ரப்பரைப் புது ஆயில் இளக்காது. தொல்லை வருவதற்கு முன்னால் செய்தால் போட்ட காசுக்குப் பலன் உண்டு. வந்த பிறகு இது மட்டும் போதாது. 'பழைய வண்டியில் ஆயில் மாற்றினால் பாக்ஸ் போய்விடும்' என்பார்கள். அப்படிப் போனது பெரும்பாலும் ஏற்கெனவே பிளேட் கரைந்திருந்த பாக்ஸ்தான்.

இரண்டாவது, மெக்கட்ரானிக்கை இறக்கி சீல் மாற்றுவது. வால்வ் பாடியும் கம்ப்யூட்டரும் சேர்ந்த இந்தத் தொகுதி ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதற்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் பாலமும் சில குழாய் சீல்களும் உண்டு. வருஷக்கணக்கான சூட்டில் இவை கல்லாகி, கிளட்ச்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் வழியிலேயே கசிகிறது. வயர் நுழையும் பிளாஸ்டிக் ஸ்லீவின் ஓ-ரிங்கும் அப்படித்தான். அங்கே வெளியே சொட்டி அளவும் குறையும். பாகங்களின் விலை பெரிதில்லை, பெட்டியை வண்டியிலிருந்து இறக்கவும் வேண்டாம். வேலை கெடுவது ஆயில் நிரப்பும் இடத்தில்தான். டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓட, ஆயில் சூடு 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது, பக்கத்து ஓட்டையில் வழியும்வரை ஊற்ற வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பார்க்காமல் ஊற்றுபவரிடம் வண்டியை விடாதீர்கள். முடித்ததும் பழைய அடாப்டேஷனை, அதாவது கியர் மாற்றக் கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும் கணக்கை, அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டும்.

மூன்றாவது, முழுப் பெட்டியும் பிரித்துப் பிளேட் மாற்றுவது. சம்ப் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். மினுமினுக்கும் துகளும் கருகிய வாடையும் இருந்தால் வேறு வழியில்லை, பிரித்தே ஆக வேண்டும்.

நான்காவது, அந்த ஒர்க்ஷாப் சொன்ன 'வேற பாக்ஸ்', அதாவது இன்னொரு வண்டியில் கழற்றிய பழைய பாக்ஸ். எனக்கு இது பிடிக்கவே இல்லை. அதற்கும் அதே வயது, அதே ரப்பர். பெட்டியின் தகட்டு எண் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் சாஃப்ட்வேரை நம் வண்டிக்கு ஏற்றியாக வேண்டும். வேறு ஒருவர் கழற்றிப் போட்ட நோயைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

சம்ப்பில் சாம்பல் பசைதான் இருந்தது. இரண்டாவது வழியில் போனேன். ரிவர்ஸ் இப்போது போட்டதும் பிடிக்கிறது, முள்ளும் துள்ளவில்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மிதித்தால் மட்டும் சாலையில் வரிக்கோடு இருப்பதுபோல ஒரு நடுக்கம். அது, இன்ஜினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச். அதற்குப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும் நாளில் பிளேட்டையும் பார்த்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன்.