இரண்டு ரூபாய் டேபிள்தானே என்று நம்பி உட்காராதீர்கள்

என் சம்பளக் கணக்கு 47 நாள் முடங்கிக் கிடந்தது. காரணம், அதில் வந்து விழுந்த 1,450 ரூபாய். பணம் வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டம் பழகலாம் என்று ஒரு கிளப் ஆப்பில் ஆடினேன். அதில் ஜெயித்த பணம் என்று, அங்கே காசை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் அனுப்பியது அது. சின்னத் தொகைதானே, போனால் டீச்செலவு என்று இப்போது யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2025 தொடக்கத்தில் ஆதார், பான் எல்லாம் கேட்டு வாங்கிய ஒரு தளத்தில்தான் போக்கர் பழக ஆரம்பித்தேன். 1/2 டேபிள். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயம், ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும். 200 ரூபாயோடு உட்காரலாம். எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை மடக்கி விலகுவது, கடைசியில் பேசுகிற இடத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை.

ஆகஸ்ட் 22 அன்று ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. நான் ஆடிய தளமும் நிறுத்தியது. என் இருப்பு 620 ரூபாய் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். 'புதியவர்களுக்கு இலவசப் பயிற்சி, 1/2 டேபிள், தினமும் இரவு 9 மணி.' ஆப்பில் ஓடுவது வெறும் விளையாட்டுச் சிப்ஸ், காசு கிடையாது. காசு ஏஜென்ட் கையில் இருக்கும். அவருக்கு யுபிஐயில் அனுப்பினால் சிப்ஸ் ஏற்றுவார். சிப்ஸைத் திருப்பிக் கொடுத்தால் காசு அனுப்புவார். ஆதாரும் வேண்டாம், பானும் வேண்டாம். "அண்ணா, நம்ம ஆளுங்கதான், கவலையே படாதீங்க" என்றார். தினமும் என் ஆட்டத்தைப் பார்த்து எங்கே தப்பு என்று சொல்லியும் கொடுத்தார். அந்த அக்கறையைத்தான் நான் நம்பினேன்.

ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், நடுவில் சேரும் பந்தயப் பணத்தை 'பாட்' என்பார்கள். அதிலிருந்து கிளப் 5 சதவீதம் 'ரேக்', அதாவது கமிஷன், எடுத்தது. அதில் ஏஜென்ட்டுக்குப் பங்கு உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். நான் எத்தனை கை அதிகம் ஆடுகிறேனோ அத்தனைக்கும் அவருக்கு வருமானம். அந்த ஆள்தான் எனக்கு வாத்தியார். கணக்குப் பார்க்கிறவன் நான், இதைப் போட்டுப் பார்க்காமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆறு பேர் தலைக்கு 200 என்று உட்கார்ந்தால் டேபிளில் 1,200 ரூபாய். சராசரி பாட் 30 ரூபாய் என்றால் கைக்கு ஒன்றரை ரூபாய் ரேக். மணிக்கு 70 கை ஓடினால் 105 ரூபாய். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் டேபிளில் இருக்கும் மொத்தப் பணமும் கிளப்புக்கே போய்ச் சேரும், யார் நன்றாக ஆடினாலும்.

ரேக்காவது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. ஒவ்வொரு இரவும் இரண்டு பேர் தவறாமல் என் டேபிளில் இருந்தார்கள். நான் நல்ல சீட்டோடு பந்தயத்தை 8 ரூபாய்க்கு ஏற்றினால் ஒருவர் 24 என்பார், மற்றவர் 70 என்பார். நடுவில் மாட்டிக்கொண்டு நான் மடக்குவேன். நான் விலகியதும் அந்த இருவரில் ஒருவர் யோசிக்கக்கூடச் செய்யாமல் மடக்கிவிடுவார். பிறகு ஆப்பில் பதிவாகியிருந்த பழைய கைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புரட்டினேன். மூன்று வாரத்தில் அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பெரிய 'பாட்' ஒன்றுக்குக்கூடச் சீட்டைத் திறந்து காட்டியதே இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தாலும் இருவருக்கும் ஒரே ஜேப்பு.

இதைப் புதியவரால் ஆட்டத்தின்போது கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் நேர்மையான டேபிளிலும் தோல்வி சகஜம். இரண்டு ஏஸ் கையில் வருவது 221 கைக்கு ஒருமுறைதான். வந்தாலும், எதிரே வேறொரு ஜோடி இருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை அது தோற்கும். அதனால் தோற்கும்போதெல்லாம் 'நமக்கு இன்னும் ஆட்டம் பிடிபடவில்லை' என்றுதான் நினைப்போம். ஏமாற்று அதற்குள் ஒளிந்துகொள்கிறது. அனுபவசாலிகளுக்கும் இது நடந்திருக்கிறது. அல்டிமேட்பெட் என்ற போக்கர் தளத்தில் 2008இல் வெளிப்பட்ட விவகாரத்தில் எதிராளியின் சீட்டைப் பார்க்கிற கணக்குகளே இருந்தன என்று விசாரணையில் நிரூபணமானது.

அக்டோபர் கடைசியில் என் இருப்பு 3,900 ரூபாய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறை 1,450 கேட்டபோது மறுநாளே வந்துவிட்டது, அதனால் தைரியம். இந்த முறை கேட்டதும், "இன்னும் கொஞ்சம் ஆடி டர்ன்ஓவர் முடிங்கண்ணா" என்றார். இவ்வளவு தொகைக்கு ஆடியிருக்க வேண்டும் என்ற கணக்கு அது. முடித்தேன். "18 சதவீத ஜிஎஸ்டி முதல்ல அனுப்புங்க, உடனே ரிலீஸ் ஆகிடும்" என்றார். 702 ரூபாய் அனுப்பினேன். அன்று இரவே குழுவிலிருந்து நீக்கப்பட்டேன், எண்ணும் பிளாக். தளங்கள் சட்டப்படி நடந்த காலத்தில், 2023 ஏப்ரலிலிருந்து, நிகர வெற்றிக்கான 30 சதவீத வரியை எடுக்கிற பணத்திலேயே பிடித்தார்கள். யாரும் வரியைத் தனியாக அனுப்பச் சொன்னதில்லை. இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் அனுப்பினேன்.

நவம்பரில் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால், வேறு மாநில சைபர் போலீஸ் புகாரில் என் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அந்த 1,450 ரூபாய் ஏஜென்ட்டின் கணக்கிலிருந்து வரவில்லை. யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் யார் யாரிடமோ வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் வழியாகச் சுற்றி எனக்கு வந்திருக்கிறது. சம்பளம் 23,000 உள்ளே, மகளின் ஸ்கூல் ஃபீஸ் வெளியே. "என்னங்க, நாம யார் காசையும் எடுக்கலையே" என்று என் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வங்கியில் புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் எண்ணையும் காவல் நிலையத்தின் மின்னஞ்சலையும் எழுதி வாங்குங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி, அதாவது அதற்கு மட்டும் 'லீன்' போடும்படி, கேளுங்கள். கேரள உயர் நீதிமன்றம் 2023இல் இப்படித்தான் உத்தரவிட்டது. எனக்கும் கடைசியில் 1,450 மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவித்தார்கள். ஏமாந்தது நீங்கள் என்றால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் ஒன்பது நாள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

2011இல் ஃபுல் டில்ட் என்ற பெரிய போக்கர் தளம் மூடப்பட்டபோது ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர், வங்கியில் இருந்தது சுமார் 60 மில்லியன் என்று அமெரிக்க அரசு வழக்கில் சொன்னது. அங்கே வழக்குப் போட ஒரு நிறுவனமாவது இருந்தது. எனக்கு இருந்தது ஒரு வாட்ஸ்அப் எண்.

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் போனைக் காட்டினார். புது கிளப் பெயர், புது எண். 'புதியவர்களுக்கு இலவசப் பயிற்சி, 1/2 டேபிள், தினமும் இரவு 9 மணி.' பணம் அனுப்பக் கொடுத்திருந்த க்யூஆரை ஸ்கேன் செய்தோம். நான் 702 ரூபாய் அனுப்பிய அதே பெயர் வந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து என் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.