நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடம்: ஆளுக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய்ச் சேவை

புரோட்டாக் கடைக்கும் லாட்ஜுக்கும் நட்சத்திரம் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் படுக்கைக்கு விமர்சனம் எழுத ஆளில்லை. அங்கே படுப்பவர்கள் கூகுள் மேப்பில் கருத்துப் போடுகிறவர்கள் அல்லர். ஆகவே ஒரு விடுதியைப் பார்ப்பதுபோலவே இந்தச் சேவையையும் பார்ப்போம், திருநெல்வேலியை மனத்தில் வைத்துக்கொண்டு.

முதலில் விளம்பரப் பலகையில் இருப்பது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேராவது தங்கும்படி நிரந்தரத் தங்குமிடம் வேண்டும். வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4,73,637. அந்தப் பழைய கணக்கையே வைத்தாலும் 470 பேருக்கு மேல் இடம் தேவை. ஐம்பது பேர் கொள்ளும் இடமாகப் பிரித்தால் ஒன்பது, பத்து வரும். சந்திப்பு, டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிற ஊருக்கு இது ஒன்றும் ஆடம்பரமில்லை.

இடம் அமைவதில்தான் முதல் கோளாறு. தங்குமிடம் வேலை கிடைக்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். சந்திப்பு ரயில் நிலையம், நயினார்குளம் காய்கறி மார்க்கெட், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை, வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம், இவைதான் இந்த ஊரில் ஆட்கள் படுக்கிற வட்டாரங்கள். ஆனால் எந்த ஊரிலும் மாநகராட்சியிடம் சும்மா கிடக்கிற கட்டடம் பெரும்பாலும் ஊர் ஓரத்தில்தான் இருக்கும். போக ஒரு பஸ், வர ஒரு பஸ் என்றால் இலவசப் படுக்கைக்கு அன்றாடம் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர் அந்தக் காசுக்கு அம்மா உணவகத்தில் எத்தனை இட்லி கிடைக்கும் என்று பார்ப்பார்.

படுக்கைக்கு விதி சொல்லும் அளவு ஆளுக்கு 50 சதுர அடி, அதாவது பத்துக்கு ஐந்து. ஆறடிக்கு மூன்றடிப் பாய் விரித்து, தலைமாட்டில் ஒரு பெட்டி வைத்து, நடுவில் ஆள் நடந்துபோக இடம் விட்டால் சரியாக இருக்கும். ஐம்பது பேருக்கு 2,500 சதுர அடி. சமையலறை, குளியலறை, கக்கூஸ் தனி. பழைய சமுதாயக் கூடத்தையோ மூடிய பள்ளிக்கூடத்தையோ எடுத்துக்கொள்ளும்போது கூடம் தாராளமாக இருக்கும், கக்கூஸ் இரண்டுதான் இருக்கும். காலை ஐந்தரைக்கு வரிசை நிற்கும். நிற்க முடியாதவர் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அப்புறம் அங்கேயே படுத்தும் விடுவார்.

இந்தத் திட்டத்தின் மனக்கணக்கில் டெல்லிக் குளிர் இருக்கிறது. அதனால் கம்பளி மேல் கம்பளியாக வரும். நெல்லையில் கம்பளி மார்கழியில் சில நாள் உதவும். மற்ற நாளெல்லாம் வேண்டியது கொசுவலை, ஓடுகிற மின்விசிறி, கோரைப் பாய். பக்கத்தில் பத்தமடையில் பாய் நெய்கிற ஊர். பட்டுப்பாய் வேண்டாம், சாதாரணக் கோரைப் பாய் போதும். பஞ்சு மெத்தை கூடவே கூடாது. ஒரு மழைக்காலத்தில் மூட்டைப்பூச்சி ஏறிவிட்டால் எரிப்பதைத் தவிர வழியில்லை. தகரக் கூரைக் கூடமாக இருந்தால் சித்திரை, வைகாசியில் உள்ளே படுக்க முடியாது. எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியும். அதைக் காட்டி, ‘போதிய தேவை இல்லை’ என்று கோப்பு எழுதுவது எளிது.

அடுத்தது நேரம். 24 மணி நேரச் சேவை என்பது மூன்று ஷிப்டுக்கு மூன்று பராமரிப்பாளர் இருந்தால்தான் நடக்கும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவர் தன் வசதிக்கு ஒரு நேரம் வைப்பார்: இரவு ஒன்பதுக்குப் பூட்டு, காலை எட்டுக்கு வெளியேற்றம். மார்க்கெட்டில் சரக்கு லாரி வருவது நடுராத்திரிக்கு மேல். சுமை இறக்கி முடித்து, கூலி வாங்கி, காப்பி குடித்துவிட்டு ஒருவர் காலை எட்டு மணிக்குத்தான் வருகிறார். அப்போது வாசலில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அண்ணாச்சி, எட்டு மணிக்கு எல்லாரும் வெளிய போயிரணும். கூட்டிப் பெருக்கணும்லா.”

“தம்பி, எனக்கு இப்பதான ராத்திரி.”

கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர், புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர், எல்லாருக்கும் இதே கதைதான். இரவு நேரம் மட்டும் திறக்கிற தங்குமிடம், வீடில்லாதவர் வேலை செய்யாதவர் என்று நினைத்துக்கொண்டு கட்டியது.

பெட்டகம் இல்லாத தங்குமிடத்துக்கு எங்கள் மதிப்பெண்ணில் நேராகப் பாதி போய்விடும். ஒருவருக்கு மஞ்சப்பையில் இருப்பது ஆதார் நகல், மருத்துவமனைச் சீட்டு, ஒரு வேட்டி, கொஞ்சம் பணம். அது திருட்டுப் போனால் அவருக்கு மறுபடியும் ஊரில் பெயரே இல்லை. தகரப் பெட்டி ஆளுக்கொன்று, பூட்டு அவரவருடையது, அவ்வளவுதான் வேண்டும்.

இந்தச் சேவையில் உண்மையிலேயே விலைமதிப்புள்ள பொருள் படுக்கையில்லை, முகவரி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த தாலுகாக்களுக்கு 6,000 ரூபாயும், மற்றவற்றுக்கு 1,000 ரூபாயும் நிவாரணம் கொடுத்தார்கள். கொடுத்தது ரேஷன் கடையில், குடும்ப அட்டைக்கு. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவருக்கு அட்டை இருந்தது. படுத்திருந்த படித்துறையே ஆற்றோடு போனவருக்கு அட்டையில்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் குடும்ப அட்டையை ஒட்டித்தான். முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய்க்கும் தாலுகா அலுவலகத்தில் முதல் கேள்வி ‘எங்கே குடியிருக்கிறீர்?’ என்பதே. (அந்த 1,200-ல் 60 முதல் 79 வயதுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007-லிருந்து அது ஏறவில்லை. இட்லி விலை ஏறியிருக்கிறது.)

நல்ல தங்குமிடம் இந்த வரிசையில் போகும். முதலில் அடையாளச் சீட்டே இல்லாதவரையும் பெயர், ஊர் மட்டும் எழுதிச் சேர்த்துக்கொள்ளும். ஆதார் கேட்டு வாசலில் நிறுத்தினால் அடுத்த படி எதுவும் நடக்காது. பிறகு ஆதாருக்கான சான்றுப் படிவத்தில் கவுன்சிலர், தாசில்தார் போன்றவர்களிடம் கையெழுத்து, முத்திரை வாங்கித் தரும். அப்புறம் வங்கிக் கணக்கு, அதன் பிறகு ஓய்வூதிய மனு. வாக்காளர் பட்டியலுக்கு இன்னும் சுலபம்: படிவம் 6-ல் அவர் படுக்கிற இடத்தை எழுதினால் போதும், முகவரிச் சான்று வேண்டியதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் அங்கே உறங்குகிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணைய விதி. பகலில் வந்து ‘ஆளில்லை’ என்று எழுதிப் போகிற இடத்தில்தான் மனு விழுகிறது.

இனிப் பணம். ஐம்பது பேர் தங்குமிடத்துக்குத் திட்டம் வைத்த நடப்புச் செலவு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், ஐந்தாண்டுக்கு. ஆளுக்கு மாதம் 1,000, நாளுக்கு 33 ரூபாய். பராமரிப்பாளர் மூவருக்கு மாதம் 10,000 என்று குறைத்தே போட்டாலும் ஆண்டுக்கு 3.6 லட்சம் போச்சு. மீதி மாதம் 20,000. அதில் மேலாளர் சம்பளம், கரண்டு, பினாயில், துணி வெளுப்பு, செப்டிக் டேங்க் லாரி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. முதலில் ஒரு ஷிப்டு போகும், அடுத்து துணி வெளுப்பு, அப்புறம் வருகிறவர்களே போய்விடுவார்கள். ஐந்தாண்டு முடிந்தால் உள்ளாட்சி தன் கையிலிருந்து போட வேண்டும். அந்த மத்திய இயக்கமும் 2024 செப்டம்பரோடு முடிந்துபோனது.

இதற்குப் பக்கத்தில் வையுங்கள்: நெல்லை 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அந்தத் திட்டத்தின் கணக்கு, ஒரு நகரத்துக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி, அதற்கு ஈடாக மாநிலத்தின் பக்கம் 500 கோடி. மேலே சொன்ன விகிதத்தில் 500 பேரைத் தங்க வைக்க ஆண்டுக்கு 60 லட்சம், பத்தாண்டுக்கு 6 கோடி. ஆயிரம் கோடியில் 0.6 சதவீதம். பணம் இல்லை என்பதை எப்படி நம்புவது? கட்டடம் மூலதனச் செலவு. ஒரு தடவை கொடுத்தால் கல்வெட்டு நிற்கும். காவலாளி சம்பளம் வருவாய்ச் செலவு. மாசாமாசம் கேட்கும், அதற்குத் திறப்பு விழா கிடையாது. இப்போது கட்டுகிற பேருந்து நிலையங்களில் நடுநடுவே கைப்பிடி வைத்த ஸ்டீல் நாற்காலிதான் போடுகிறார்கள். உட்காரலாம், காலை நீட்ட முடியாது. பழைய சிமெண்டுத் திண்டு காசு வாங்காமல் செய்துகொண்டிருந்த சேவையும் அத்தோடு போயிற்று.

வீட்டுத் திட்டங்கள் இவர்களை எட்டாது. கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள், நல்ல திட்டம்தான். ஆனால் அது கிராமத்துக் குடிசைக்கு, சொந்த மனை இருப்பவருக்கு. பிரதமர் வீட்டுத் திட்டத்திலும் தனி வீடு கட்ட மனை வேண்டும்.

தங்குமிடத்தைச் சோதிக்க நினைக்கிறவர் காலையில் அதிகாரியோடு போகக் கூடாது. ராத்திரி பத்தரைக்குத் தனியாகப் போக வேண்டும். கேட் திறக்கிறதா, எத்தனை நிமிஷத்தில்? பெண்கள் பகுதியில் கக்கூஸ் கட்டடத்துக்கு உள்ளேயா, முற்றத்தைத் தாண்டியா? தாண்டி என்றால் பெண்கள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். சமையலறையில் அடுப்பு இன்று எரிந்த சூடு இருக்கிறதா? அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று காலையும் மதியமும் ஓடிவிடும். ராத்திரிச் சோற்றுக்கு அந்த அடுப்புதான். கடைசியாகப் பதிவேட்டைக் கேளுங்கள். எல்லா நாளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், 48, 49, 50 என்று வரிசையாக இருந்தால் பாய்களை எண்ணிப் பாருங்கள்.

விதிமுறைக்கு ஐந்துக்கு நான்கு. நடக்கிற விதத்துக்கு, பணம் இப்படியே வரும்வரை, ஒன்றரை.