கார்க் கதவுப் பூட்டு: மோட்டாரை மட்டும் மாற்றலாமா, முழுப் பூட்டையுமா?

ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டிக்கொள்கின்றன, நான்காவது அசையவில்லை. சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடியும் வயதை நெருங்கும் கார்களில் இது சர்வசாதாரணம். உபி வட்டாரமோ சின் மிங் வட்டாரமோ, வொர்க்‌ஷாப்பில் கேட்டால் "முழு செட்டும் மாத்தணும்" என்ற பதில்தான் முதலில் வரும். வழிகள் மூன்று உண்டு: பூட்டுக்குள் இருக்கும் சின்ன மோட்டாரை மட்டும் மாற்றுவது, புதிய பூட்டு வாங்குவது, கழித்துக்கட்டிய காரின் பூட்டைப் போடுவது. பழுது எங்கே என்று உறுதியாகும்வரை எதையும் வாங்க வேண்டாம்.

நான்கு கதவுகளும் சேர்ந்து படுத்துவிட்டால் பூட்டைக் குறைசொல்ல முடியாது. ஓட்டுநர் கதவிலுள்ள சுவிட்ச் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யாவிட்டால் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். பல கார்களில் அது சிஆர்2032. இரண்டுமே செய்யாவிட்டால் முதலில் ஃபியூஸ். ஒரு கதவு மட்டும் என்றால் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் விர்ரென்று ஓடியும் பூட்டு நகராவிட்டால் பற்சக்கரம் போயிருக்கிறது. மெலிதாக ஒரு 'டக்' மட்டும் கேட்டால் மோட்டார் வலுவிழந்திருக்கிறது.

சத்தமே இல்லையென்றால் டோர் பேனலைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களுக்கு நடுவே 12 வோல்ட் டெஸ்ட் விளக்கை இணைத்து ரிமோட்டை அழுத்துங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் விளக்கு ஒரு கணம் எரிந்தால் மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் செத்திருக்கிறது. எரியாவிட்டால் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பிரித்துப் பாருங்கள். கதவு திறந்து மூடி மடங்கும் இடத்தில் ஒயர் உள்ளுக்குள் முறிந்திருக்கும். இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிட விளக்கே நல்லது. மின்துடிப்பு ஒரு வினாடிகூட நீடிக்காததால் மீட்டர் அதைத் தவறவிடும். தவிர, ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். மோட்டாரைச் சுழற்ற அது போதாது.

பூட்டியவுடனேயே கதவுகள் தாமாகத் திறந்துகொண்டால் கதை வேறு. பெரும்பாலும் ஓட்டுநர் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் நிலைகாட்டும் சுவிட்ச் கெட்டு, "இன்னும் பூட்டவில்லை" என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. இங்கே மோட்டாரை மாற்றுவது வீண். முழுப் பூட்டுதான் வழி.

மோட்டார் மட்டும்தான் பழுது என்றால் அதை மட்டும் மாற்றுவதே என் முதல் தேர்வு. பல ஜப்பானியக் கார்களில் இருப்பது மபுச்சி நிறுவனத்தின் எஃப்சி-280 வகை மோட்டார். விலை சில வெள்ளி (டாலர்) தான். புதிய பூட்டு அதைப்போல் பல மடங்கு. ஆனால் கைவேலை நுணுக்கமானது. ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைத் தையலோரமாக அறுத்துத் திறக்க வேண்டும். திறந்ததும் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்டின் நீளமும், அது உருண்டையா ஒருபக்கம் தட்டையா என்பதும் பழையதோடு பொருந்த வேண்டும். பற்சக்கரத்தைப் பழைய உயரத்திலேயே அழுத்திப் பொருத்துங்கள். பிளஸ் முனை மாறினால் பூட்டச் சொன்னால் திறக்கும். உறையை மூடும்போது புளிக்காடி வாசனை வரும் சிலிக்கோனைத் தவிர்க்கவும். அதிலுள்ள அமிலம் செம்பை அரிக்கும்.

புதிய பூட்டுக்குச் செலவு அதிகம், வேலை குறைவு. ஐந்தாண்டோ பத்தாண்டோ சிஓஇ புதுப்பித்த காருக்கும், சுவிட்ச் கெட்ட காருக்கும் இது தகும். இணையத்தில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஓட்டுநர் கதவு வலப்பக்கம். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்கான 'முன் வலது' பூட்டு பயணிக் கதவுக்கானது. சாவித்துளையை இணைக்கும் லீவரோ சுவிட்ச் ஒயரோ அதில் இல்லாமல் போகலாம். பழைய பூட்டில் அச்சிட்ட பாக எண்ணைப் பார்த்தே ஆர்டர் செய்யுங்கள்.

பழைய பாகத்தை மலேசியாவின் ஜோகூர் பாருவில், பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளிலும் வாங்கலாம். அங்கும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் பொருந்தும். "பின்கதவுப் பூட்டு, அதிகம் ஓடாதது" என்று விற்பார்கள். கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கியைப் பொறுத்தவரை அது சரி. மோட்டாரோ, சென்ட்ரல் லாக் போட்ட ஒவ்வொரு முறையும் நான்கு கதவுகளிலும் ஓடியிருக்கிறது. உங்கள் காரின் வயதே அந்தப் பாகத்துக்கும் என்றால் மோட்டாரின் மிச்ச ஆயுளும் கிட்டத்தட்ட அதேதான். கொக்கியோ சுவிட்சோ போனால் பழையதை வாங்கி, புது மோட்டாரை அதற்குள் போடுவது புத்திசாலித்தனம். மோட்டார் பழுதுக்காகப் பழைய பூட்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிய பிறகே பூட்டை வெளியே எடுங்கள். டோர் பேனல் கிளிப்புகள் சில உடையும், உபரியாக வாங்கி வைக்கவும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மீண்டும் ஒட்டுங்கள். இங்கே பெய்யும் மழைக்கு அது இல்லாவிட்டால் தண்ணீர் காருக்குள் வரும். வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிடாதீர்கள். பேட்டரியை இணைத்து, திறந்த கதவின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடி, ரிமோட்டில் பூட்டித் திறந்து, உள்கைப்பிடி வெளிக்கைப்பிடி இரண்டாலும் கொக்கி விடுபடுகிறதா என்று பாருங்கள். விடுபடாத பூட்டோடு கதவைச் சாத்தினால், டோர் பேனலைக் கழற்றவே வழியிருக்காது.