குன்னூர் வீட்டில் ஸ்வீட் பீ, ஸ்டாக், அலிசம்: வாசனைக்கு எது தேறும்?

குளிர்காலம் வந்தால் இந்த மூன்று பூச்செடிகளையும் தவறாமல் போடுகிறேன். வாசனைக்காகவே வளர்ப்பதென்றால் என் ஓட்டு ஸ்வீட் பீக்குத்தான். ஆனால் மூன்றிலும் அதிக வேலை வாங்குவதும் அதுதான்.

பாக்கெட் படத்தைப் பார்த்து விதை வாங்க வேண்டாம். ஓரம் நெளிந்த, பெரிய பூ விடும் ஸ்பென்சர் ரகங்கள் பலவற்றில் மணம் சுமார்தான். குபானி, மட்டுக்கானா போன்ற பழைய ரகங்களில் பூ சின்னது, ஊதாவும் கருஞ்சிவப்பும் கலந்திருக்கும். நாலு காம்பைத் தம்ளரில் போட்டு வைத்தால் அறை முழுக்க மணக்கும். 1699-இல் சிசிலியிலிருந்து இங்கிலாந்துக்கு இதன் விதையை அனுப்பிய துறவியின் பெயர்தான் குபானி.

குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழை கொட்டித் தீர்க்கும். நேரே மண்ணில் போட்டால் விதை அழுகிவிடும். அதனால் ராத்திரி ஊறவைத்து, தாழ்வாரத்தில் தொட்டியில் முளைக்க விடுகிறேன். மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். மழை ஓய்ந்ததும் நடவு. நம் தேயிலை மண் புளிப்பு என்பதால் முன்கூட்டியே கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் கலந்துவிடுவது நல்லது. கொடி ஆளுயரம் போகும். மூங்கில் குச்சியும் கயிறும் போதும்.

பூக்க ஆரம்பித்துவிட்டால் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய் பிடிக்க விட்டால் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பறிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள், அவருக்கும் சந்தோஷம்தான். ஒன்று முக்கியம்: காய் பார்க்கப் பச்சைப் பட்டாணி மாதிரியே இருக்கும், விதை நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

ஸ்டாக் அவ்வளவு பாடு படுத்தாது. கிராம்பு மணம், சாயங்காலம் இன்னும் தூக்கலாக வரும். ஒரே பாக்கெட் விதையில் ஒற்றை அடுக்குப் பூவும் இரட்டை அடுக்குப் பூவும் கலந்து வரும், கடைக்காரரைத் திட்ட வேண்டாம், அதன் இயல்பே அப்படித்தான். இரட்டை அடுக்கில் விதை பிடிக்காது. அடுத்த வருட விதைக்கு ஒற்றை அடுக்குச் செடியை விட்டுவைக்க வேண்டும். முட்டைக்கோஸ் குடும்பம் என்பதால் கோஸ் போட்ட பாத்தியில் இதை நடுவதில்லை.

அலிசத்தின் தேன் வாசனைக்குக் குனிய வேண்டும். ஆனாலும் விடமாட்டேன். அதைத் தேடி வரும் மிதவை ஈக்களின் புழுக்கள், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னும்.

சமவெளிக்காரர்கள் ஸ்வீட் பீக்குக் காசு செலவழிக்க வேண்டாம், வெயில் ஏறியதும் கருகிவிடும். டிசம்பர், ஜனவரியில் அலிசம் மட்டும் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம்.